வெயில் ஊரில் வராத காய்ச்சல்

மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் பக்தி மட்டுமல்ல. இந்த மாதிரி வெயில் ஊர்களில் ஒரு நோய் அநேகமாக வராது என்று சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் பெரிய பெரிய டாக்டர்கள் நம்பினார்கள். அந்த நோயின் பெயர் ருமாட்டிக் காய்ச்சல். தமிழில் வாதக் காய்ச்சல் என்றும் எழுதுகிறார்கள். குளிரும் ஈரமும் மூடுபனியும் உள்ள நாடுகளின் நோய் அது என்பது அன்றைய பாடம்.

அந்தப் பாடம் தப்பு. தப்பு என்று தெரிய முப்பது நாற்பது வருஷம் ஆயிற்று. குளிர் இல்லையென்றால் வேறு எதனால் வருகிறது, யாருக்கு வருகிறது என்ற கேள்விக்கு விடை தேடிய கதையில் பாதி பாரிஸிலும் அமெரிக்காவின் ஒரு படைமுகாமிலும் நடந்தது. மீதிப் பாதி டெல்லியிலும் வேலூரிலும் நடந்தது. ஆனால் கிடைத்த விடை மதுரையின் சந்துகளுக்கும் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

தொண்டையில் ஆரம்பம்

முதலில் நோய் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று ஒரு பாக்டீரியா. அதில் 'ஏ' பிரிவைச் சேர்ந்தது பிள்ளைகளின் தொண்டையில் வந்து உட்காரும். தொண்டை வலிக்கும், எச்சில் விழுங்க முடியாது, காய்ச்சல் அடிக்கும். வீட்டில் என்ன சொல்வார்கள்? "ஐஸ் தின்னாதே, ஜிகர்தண்டா குடிக்காதேன்னு சொன்னேனே, கேட்டியா?" என்பார்கள். சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள், மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுப்பார்கள். நாலைந்து நாளில் தொண்டை சரியாகிவிடும். கஷாயத்துக்கு நல்ல பெயர்.

உண்மையில் அந்தத் தொண்டை வலி எந்த மருந்தும் இல்லாமலே போகக்கூடியதுதான். ஆபத்து அதற்கப்புறம் வருகிறது. இரண்டு மூன்று வாரம் பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். பிறகு திடீரென்று காய்ச்சல், முழங்கால் வீங்கி வலிக்கும். இரண்டு நாளில் முழங்கால் சரியாகி, கணுக்காலோ முழங்கையோ பிடித்துக்கொள்ளும். அந்தச் சமயத்தில் உள்ளே இதயத்தின் வால்வுகளும் வீங்கிக்கொண்டிருக்கலாம். மூட்டு வலி தடம் தெரியாமல் போய்விடும். வால்வில் ஏற்பட்ட தழும்பு போகாது.

கிருமி இதயத்துக்குள் போய் அதைக் கடிப்பதில்லை என்பதுதான் இதில் விசேஷம். கிருமியை எதிர்த்துச் சண்டை போட உடம்பு தயாரித்த எதிர்ப்புச் சக்தி, இதயத் திசுவையும் அந்தக் கிருமி என்று நினைத்து அடிக்கிறது. சினிமாவில் வரும் ஆள் மாறாட்டம் மாதிரி. கிருமியின் மேல்தோலில் உள்ள ஒரு புரதமும் இதயத் திசுவில் உள்ள சில புரதங்களும் ஒரே ஜாடையில் இருப்பது காரணம். இப்படி ஆள் மாறாட்டம் எல்லோர் உடம்பிலும் நடப்பதில்லை. எந்த மக்கள் கூட்டத்தை எடுத்தாலும் நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பேர் வரைதான் பிறவியிலேயே அதற்கு இடம் கொடுக்கும் உடம்பு உள்ளவர்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த அளவு ஊருக்கு ஊர், இனத்துக்கு இனம் பெரிதாக மாறுவதில்லை. அப்படியானால் ஒரு ஊரில் நோய் அதிகமாகவும் இன்னொரு ஊரில் இல்லாமலும் இருப்பதற்கு ரத்தம் காரணமாக இருக்க முடியாது. வேறு ஏதோ இருக்க வேண்டும்.

பாரிஸில் ஒரு விதி, மதுரையில் ஒரு மதில்

மூட்டு வலிக் காய்ச்சலுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிலர் கவனித்துவிட்டார்கள். அதை ஒரு விதி போலவே அடித்துச் சொன்னவர் பாரிஸைச் சேர்ந்த ஜான் பாப்டிஸ்ட் புய்யோ. வருஷம் 1836. ஸ்டெதாஸ்கோப் வந்து இருபது வருஷமே ஆகியிருந்தது. ஏராளமான நோயாளிகளின் மார்பில் அதை வைத்துக் கேட்டு, கடுமையான மூட்டுக் காய்ச்சல் வந்தவர்களுக்கு இதயமும் வீங்குவது அபூர்வமல்ல, அதுதான் வழக்கம் என்றார்.

ஏறக்குறைய அதே சமயத்தில் மதுரையில் ஒரு காரியம் நடந்தது. 1837 வாக்கில் கலெக்டர் பிளாக்பர்ன், நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். இன்றைய வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த இடத்தில் வந்தவை. மாரட் சர்வே செய்தவர், பெருமாள் வேலையை மேற்பார்த்த மேஸ்திரி. மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். மதிலுக்குள் அடைந்து கிடந்த ஊருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது.

பாரிஸ் டாக்டருக்கும் மதுரை கலெக்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இந்த நோயைப் பொறுத்தவரை, பின்னாளில் பார்க்கும்போது, இரண்டில் கலெக்டர் செய்த வேலைதான் தடுப்பு மருந்துக்குக் கிட்டத்தில் வருகிறது!

1910: "இங்கே இல்லை"

வெள்ளைக்கார டாக்டர்கள் இந்தியாவுக்கு வந்தபோது அவர்கள் கண்ணில் பட்டவை காலரா, மலேரியா, காலா அசார், பிளேக். இங்கிலாந்தில் பிள்ளைகளின் ஆஸ்பத்திரி வார்டுகளை நிரப்பிய ருமாட்டிக் காய்ச்சலை அவர்கள் இங்கே காணவில்லை. கல்கத்தாவில் பணியாற்றிய லியோனார்ட் ராஜர்ஸ், காலராவுக்கு நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றும் சிகிச்சையால் புகழ்பெற்றவர், சாதாரண ஆளல்ல. அவர் கல்கத்தாவின் பிரேதப் பரிசோதனைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த நோயின் முத்திரையான மைட்ரல் வால்வுச் சுருக்கம் இங்கே மிக அரிது என்று 1910ல் எழுதினார். குளிர் நாட்டு நோய் என்ற எண்ணம் இதனால் இன்னும் இறுகிப் போனது.

இத்தனை பேர் எப்படித் தவறவிட்டார்கள்? தேடிய அடையாளம் ஒத்துவரவில்லை என்பது ஒரு காரணம். ஐரோப்பியப் பாடப் புத்தகத்தில் உள்ள நோயாளிக்கு மூட்டுகள் சிவந்து, பழுத்த பழம் போல வீங்கியிருக்கும். இங்கே பல பிள்ளைகளுக்கு வீக்கமே இருக்காது, வெறும் வலி. ஒரு மூட்டில் மட்டும் வந்து போவதும் உண்டு. தோலில் வரும் வளைய வடிவச் சிவப்பை மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் கண்டுபிடிப்பது கஷ்டம். "வளர்ற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடுவார்கள், அல்லது வாய்வு என்பார்கள். இதய வால்வு கெட்டு ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மூட்டுக் காய்ச்சல் வந்ததாக ஞாபகமே இருப்பதில்லை.

இந்த விஷயம் மருத்துவ விதிப் புத்தகத்தில் ஏற மிகவும் தாமதமாயிற்று. ருமாட்டிக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் பயன்படும் விதிகளை டக்கெட் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் 1944ல் வகுத்தார். நோய் அதிகமுள்ள நாடுகளில் ஒரு மூட்டு வீக்கத்தையும் பல மூட்டு வெறும் வலியையும் கூட முக்கிய அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த விதிகள் திருத்தப்பட்டது 2015ல்தான். எழுபது வருஷத்துக்கும் மேல்!

வேலூருக்குப் போன இதயங்கள்

1930களிலேயே லாகூர் முதலான ஊர்களிலிருந்து "இங்கே இருக்கிறது" என்று டாக்டர்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். தெற்கே அதை உறுதியாகச் சொன்னவர் பி. குடும்பையா. சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர், பண்டைய இந்திய மருத்துவம் பற்றி நூல் எழுதியவர். தென்னிந்தியாவில் ருமாட்டிக் இதய நோய் உண்டாக்கும் சிதைவுகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1941ல் வெளிவந்தது. ராஜர்ஸ் எழுதி முப்பத்தொரு வருஷம் கழித்து.

அதற்கு முந்தைய வருஷம், 1940ல், மதுரையில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி வந்திருந்தது. இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனை. ஊரார் வாயில் இன்றும் பெரியாஸ்பத்திரி. 1954ல் மதுரை மருத்துவக் கல்லூரி அதனுடன் சேர்ந்தது. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுற்றுவட்டாரச் சீமை முழுவதும் வந்து நின்ற வாசல் அது.

1953ல் டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் சேர்ந்த டாக்டர் எஸ். பத்மாவதி, இந்த நோயை அகில இந்திய அளவில் எண்ணிக்கையோடு எழுதியவர்களில் முக்கியமானவர். பர்மாவில் பிறந்தவர். ஜப்பான் படையெடுப்புக்குத் தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்த குடும்பம் அவருடையது. அமெரிக்காவில் ஹெலன் டாசிக், பால் டட்லி ஒயிட் ஆகியோரிடம் இதய மருத்துவம் படித்துத் திரும்பி, இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர் என்று பெயர் எடுத்தார். இந்தியாவில் ருமாட்டிக் இதய நோயின் பரவல் பற்றிய அவருடைய கட்டுரை 1962ல் அமெரிக்க இதழில் வந்தது. 2020 ஆகஸ்டில் 103ஆம் வயதில், கொரோனாவால் காலமானார்.

அடுத்த வருஷம், 1963ல், அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சுஜாய் ராயும் அவர் குழுவினரும் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மேலை நாட்டில் இந்தக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கி மூச்சுத் திணற இருபது முப்பது வருஷம் ஆகும், நோயாளிக்கு நாற்பது வயதாகியிருக்கும். இங்கே இருபது வயதுக்குள்ளேயே வால்வு முழுக்கச் சுருங்கிப் போகிறது என்று அவர்கள் காட்டினார்கள். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கூட அதில் உண்டு. "இல்லாத நோய்" மற்ற இடங்களைவிட இங்கேதான் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது. 1949ல் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க சர்ஜன் அங்கே நெஞ்சு அறுவை சிகிச்சைப் பிரிவை ஆரம்பித்திருந்தார். சுருங்கிய வால்வைத் திறக்கும் ஆபரேஷன் அன்று எப்படி நடந்தது என்று கேட்டால் நம்புவது கடினம். இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். மேலறையில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டு சர்ஜன் தன் விரலை உள்ளே விடுவார். கண்ணால் எதையும் பார்க்க முடியாது. விரல் நுனியால் தடவிப் பார்த்தே, ஒட்டிக்கொண்ட வால்வு இதழ்களைப் பிரித்து விடுவார். 1948ல் அமெரிக்காவில் சார்லஸ் பெய்லியும் டுவைட் ஹார்கனும் சில நாள் இடைவெளியில் தனித்தனியாக வெற்றிகரமாகச் செய்து காட்டிய முறை இது.

வேலூர் டாக்டர்கள் 1964ல், இளம் வயதினருக்குச் செய்த வால்வு ஆபரேஷன்கள் பற்றி பிரிட்டிஷ் இதழில் எழுதினார்கள். 1983ல் ஸ்டான்லி ஜான் குழுவினர் எழுதிய கட்டுரையில் இப்படி ஆபரேஷன் செய்தவர்களின் எண்ணிக்கை 3,724. ஒரே ஆஸ்பத்திரியில்! இதயத்துக்குள் விரல் விட்டுத் திறந்த மூவாயிரத்துச் சொச்சம் பேர். இதய ஆபரேஷன் என்றால் தெற்குச் சீமைக்காரர்கள் அந்தக் காலத்தில் "வேலூருக்குக் கொண்டு போங்க" என்று சொன்னதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

கட்டிலுக்குக் கட்டில் எத்தனை அடி?

குளிர் காரணமில்லை என்றால் எது? பிரிட்டனில் 1920களிலேயே ஒரு துப்பு கிடைத்திருந்தது. நகரத்து ஏழைப் பிள்ளைகளுக்கு இந்தக் காய்ச்சல் வருகிறது, அதே நகரத்தில் அதே குளிரில் வளரும் பணக்காரப் பிள்ளைகளுக்கு அவ்வளவாக வருவதில்லை. 1930களில் ஆல்வின் கோபர்ன் முதலானவர்கள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் குற்றவாளி என்று நிறுவினார்கள். ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் 1933ல் அந்தக் கிருமிகளைப் பிரிவு பிரிவாகப் பிரித்துக் கொடுத்தார்.

கடைசி ஆணியை அடித்தது ராணுவம். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் ஒரு விமானப்படை முகாம். புதிதாகச் சேர்ந்த இளைஞர்களை நீளக் கொட்டகைகளில் வரிசைக் கட்டில்களில் தங்க வைத்திருந்தார்கள். தொண்டை வலி அலை அலையாக வந்தது, பின்னாலேயே ருமாட்டிக் காய்ச்சலும் வந்தது. சார்லஸ் ராமெல்காம்ப், ஃபிளாய்ட் டென்னி, லூயிஸ் வன்னமேக்கர் ஆகியோர் அங்கே ஆராய்ந்தார்கள். தொண்டை வலி வந்தவர்களில் 798 பேருக்குப் பெனிசிலின் கொடுத்தார்கள், 804 பேருக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தவர்களில் 2 பேருக்கும் கொடுக்காதவர்களில் 17 பேருக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. 1950ல் வெளியான முடிவு இது. (கொடுக்காமல் விட்ட 804 பேரிடம் அதைச் சொன்னார்களா என்று இன்றைய வாசகர் கேட்கலாம். அது வேறு கதை.) தொண்டை வலி ஆரம்பித்து ஒன்பது நாளைக்குள் பெனிசிலின் கொடுத்தால் போதும் என்பதும் அந்த முகாமின் ஆராய்ச்சியிலிருந்தே தெரிய வந்தது.

அதே குழு இன்னொன்றையும் அளந்தது. கிருமி உள்ளவனின் கட்டிலுக்கும் பக்கத்தில் படுப்பவனின் கட்டிலுக்கும் எத்தனை அடி தூரம்? கிட்டப் படுத்தவனுக்கு அதிகமாகத் தொற்றியது, தூரம் கூடக் கூடக் குறைந்தது. நோயின் வேர் வானிலையில் இல்லை, படுக்கும் இடத்தில் இருக்கிறது. குளிர் நாட்டில் நோய் அதிகம் தெரிந்ததற்கும், கதவை அடைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் முடங்குவது ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது மதுரைக்கு வரலாம். 1901 மக்கள்தொகைக் கணக்கில் ஊரில் சுமார் 1 லட்சத்து 6 ஆயிரம் பேர். 1951ல் 3 லட்சத்து 62 ஆயிரம். 1981ல் 8 லட்சத்து 21 ஆயிரம். ஊரின் எல்லையும் விரிந்தது என்பது உண்மைதான். ஆனால் நாலு மாசி வீதிக்கும் நாலு வெளி வீதிக்கும் நடுவில் உள்ள நிலம் விரியவில்லை. ஹார்வி மில் வந்தது, வேலை தேடிச் சனம் வந்தது. மில்காரர்கள் சில ஆயிரம் பேருக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கலாம், மற்றவர்கள் ஒண்டுக் குடித்தனத்தில் ஒண்டினார்கள். ஒரு வாசல், உள்ளே ஏழெட்டுக் குடும்பம், ஒரு குழாய்.

நெசவாளர் வீடுகளை எடுத்துக்கொண்டால், குழித்தறி வீட்டின் நல்ல அறையைப் பிடித்துக்கொள்ளும். பகலில் தறி ஓடும் கூடத்தில் இரவில் தறியைச் சுற்றிப் பாய் விரியும். பாட்டி, அப்பா, அம்மா, நாலு பிள்ளைகள். ஒரு பிள்ளை இருமினால் எல்லாப் பிள்ளைகளின் முகத்திலும் விழும். இதை நெசவாளர் நோய் என்றோ ஏதோ ஒரு சாதியின் நோய் என்றோ சொல்வது அபத்தம். தீப்பெட்டி ஒட்டும் வீட்டிலும், கிராமத்தில் ஒற்றை அறைக் கூரை வீட்டிலும் கணக்கு ஒன்றுதான். ஓர் அறைக்கு எத்தனை தலை என்பதே கேள்வி.

வேறு காரணங்களும் உண்டு. வயது ஐந்திலிருந்து பதினைந்து வரை, அதாவது பள்ளிக்கூட வயது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ முன்பு வந்திருந்தால் தம்பிக்கும் வாய்ப்பு அதிகம். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளிடமும் பசிபிக் தீவுப் பிள்ளைகளிடமும் இன்றும் இந்த நோய் உண்டு. 2020களில் அங்கிருந்து வந்த ஆய்வுகள் வீட்டு நெருக்கடி, டாக்டரிடம் போக முடியாத நிலை, குடும்பத்தில் ஏற்கெனவே நோய் இருப்பது ஆகியவற்றைச் சுட்டிக்காட்டின. தொண்டை மட்டுமல்ல, தோலில் வரும் சிரங்குப் புண்ணும் வழிவிடலாம் என்பது அங்கிருந்து வந்த இன்னொரு செய்தி. சொறி சிரங்கு நம் கோடைக்குப் புதிதா என்ன? எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒரு முறை வந்தவருக்குத்தான். அடுத்த தொண்டை வலியில் அது திரும்பி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஒவ்வொரு முறையும் வால்வில் இன்னொரு தழும்பு.

260 ஊசி

அதனால்தான் ஒரு முறை வந்தவர்களுக்கு மறுபடி வராமல் தடுக்க, உடம்பில் மெதுவாகக் கரையும் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி. 1950களின் தொடக்கத்தில் வந்தது. பெனிடியூர் என்ற பெயரில் இங்கே பலருக்குத் தெரியும். 12 லட்சம் யூனிட், இடுப்பில், 21 நாளைக்கு ஒரு முறை. இதயம் பாதிக்கப்பட்டிருந்தால் குறைந்தது பத்து வருஷம், அல்லது 25 வயது வரை, இதில் எது அதிகமோ அது. வால்வு மோசமாகக் கெட்டிருந்தால் நாற்பது வயது வரையிலும், சிலருக்கு ஆயுள் முழுக்கவும் கூட.

பத்து வயதில் நோய் வந்த பிள்ளைக்கு 25 வயது வரை கணக்குப் போட்டால் சுமார் 260 ஊசி வருகிறது. ஊசி மருந்தின் விலை ஒரு சினிமா டிக்கெட்டுக்குள் அடங்கிவிடும். செலவு ஊசியில் இல்லை. ஊசி போட்ட இடம் இரண்டு நாள் வலிக்கும். கிராமத்திலிருந்து டவுனுக்குப் பஸ், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு நாள் கூலி போச்சு, பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் போச்சு. இது 260 முறை. இன்னொரு பக்கம், பெனிசிலின் அலர்ஜி வந்து ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து இந்த ஊசியைப் போட மறுக்கும் டாக்டர்களும் உண்டு. மருந்து மலிவு என்பதே ஒரு தொல்லையாகவும் ஆகிவிட்டது. லாபமில்லாத சரக்கை யார் தயாரிப்பார்கள்? மூலப் பொருளைத் தயாரிக்கும் கம்பெனிகள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோய், 2010களில் பல நாடுகளில் தட்டுப்பாடு ஏற்பட்டது.

பிள்ளை பார்க்க நன்றாக இருக்கும். ஓடும், ஆடும். "நல்லாத்தானே இருக்கா, எதுக்கு ஊசி?" என்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியதன் விலை தெரிய வரும்போது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். 'அவள்' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. மைட்ரல் வால்வுச் சுருக்கம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு நூற்றுக்கு நாற்பது ஐம்பது வரை கூடும். சுருங்கிய வால்வு வழியாக அத்தனை ரத்தம் போக முடியாது, நுரையீரலில் தேங்கும். ஏழாம் மாதம் வாக்கில் படுத்தால் மூச்சு முட்டும், இருமலில் ரத்தம் வரும். சின்ன வயதில் வந்த தொண்டை வலி, பதினைந்து வருஷம் கழித்துப் பிரசவ வார்டில் வந்து நிற்கும். வால்வு சுருங்கிய விஷயம் தெரிந்திருந்தும் மாப்பிள்ளை வீட்டில் சொல்லாமல் மறைத்த குடும்பங்களும் உண்டு. அதன் விளைவு என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இன்று அந்தப் பெண்ணுக்கு வழி இருக்கிறது. ஜப்பானின் கான்ஜி இனோவே 1980களில் கொண்டுவந்த பலூன் முறையில், தொடை நரம்பு வழியாகக் குழாயை விட்டு, நெஞ்சைத் திறக்காமலே வால்வை விரிக்கிறார்கள். வால்வே வீணாகிவிட்டால் மாற்று வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான வால்வு 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது சென்னையின் டி.டி.கே. நிறுவனம். இறக்குமதி வால்வைவிட மலிவாக, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. 2009ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012ல் வந்த முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் இதய ஆபரேஷன் செலவை ஏழைக் குடும்பங்களின் தலையிலிருந்து இறக்கின. ஆனால் செயற்கை வால்வு வைத்தவர் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆகாது. மறுபடியும் கணக்கு பெண் தலையில்தான் வந்து விழுகிறது.

ஸ்டெதாஸ்கோப்புக்குக் கேட்காதது

நோய் குறைந்திருக்கிறதா? தமிழ்நாட்டில் குறைந்திருக்கிறது என்றே கணக்குகள் சொல்கின்றன. 1970களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாட்டின் ஐந்து இடங்களில் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, மொத்தமாக ஆயிரத்துக்கு ஐந்து பேர் என்ற அளவில் ருமாட்டிக் இதய நோய் இருந்தது. 2001-02ல் வேலூர் கிராமப் பள்ளிகளில் 2,29,829 பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கு 0.68 தான். டென்மார்க்கில் பெனிசிலின் வருவதற்கு வெகு முன்பே, வீடுகள் விசாலமாக ஆக இந்த நோய் இறங்க ஆரம்பித்துவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று ஆனதும், ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் வந்ததும், தெருமுனை டாக்டர் கூடக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுப்பதும் சேர்ந்து இதைச் செய்திருக்க வேண்டும். கண்டதற்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது கெட்ட பழக்கம்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது தெரியாமலே நல்லது செய்திருக்கலாம்.

உலகம் முழுக்க இந்த இதய நோயால் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் சாகிறார்கள். 2018ல்தான் உலக சுகாதாரப் பேரவை இதற்கென்று ஒரு தீர்மானம் போட்டது.

டெல்லிக்குப் பக்கத்தில் வல்லப்கட் என்ற ஊர். அங்கே 5 முதல் 15 வயது வரை உள்ள 6,270 பிள்ளைகளைப் பரிசோதித்து 2011ல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டதில் ஆயிரத்துக்கு 0.8 பேருக்கு நோய் தெரிந்தது. வேலூர்க் கணக்குக்குக் கிட்டத்தட்டச் சமம். நோய் போயே போய்விட்டது என்று சந்தோஷப்பட வேண்டிய எண். அதே பிள்ளைகளுக்கு எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கு 20.4.